சங்கிலிக் கங்காணி கல்

அதுக்கு மேல கால வைக்காதீங்க தம்பி. பூராம் பாசி. வழுக்குச்சுன்னா நேரா குரவளைக்குள்ளதான். போன ஐப்பசியில ஒரு பசுமாடு விழுந்துச்சு, கீழ தென்னந்தோப்புக்கிட்ட வந்துதான் கெடச்சது. இப்படி இங்கிட்டு வந்து உக்காருங்க. பையக் கழட்டி வைங்க. இம்புட்டுப் பெரிய பையத் தூக்கிக்கிட்டு எதுக்கு அலையிறீக?

அங்கிட்டுப் போக முடியாது. பாத்தா ஒரே தாவாத் தாவிரலாம்போலத்தான் இருக்கும். எல்லாரும் அப்படித்தான் நெனப்பாக. இவ்வளவு பெரிய ஓடை, இந்த ரெண்டு பாறைக்கு நடுவுல வந்து குறுகி, கழுத்தப் பிடிச்சு நெரிச்ச மாதிரி போகுது பாருங்க, அதான் குரவளைன்னு பேரு. கோடையில வத்திரும், எறங்கி ஏறிரலாம். இப்ப முடியாது. தை பொறக்கணும்.

பழைய பாதையப் பத்தி எழுத வந்திருக்கீகளா? நல்லதாப் போச்சு. சரியான ஆளுகிட்டத்தான் வந்து சேந்தீக. கீழ டீக்கடையில கேட்டிருந்தா ஆளுக்கொண்ணாச் சொல்லுவாங்கெ. ஒருத்தன் பாண்டியராசா போட்ட பாதைம்பான். ஒருத்தன் வெள்ளைக்காரன் போட்டதும்பான். வெள்ளைக்காரன் எங்க போட்டான்? ஏற்கனவே போட்டுக் கெடந்த பாதையில குதிர மேல உக்காந்து வந்தான், அம்புட்டுத்தான். போட்டது எங்க பூட்டன். பேரு சங்கிலி. சங்கிலிக் கங்காணி. எழுதிக்கங்க. எழுதிட்டீகளா?

அந்தா, எதுத்த பாறையில நெட்டுக்குத்தா நிக்கிதுல்ல கல்லு, அதுல வெட்டியிருக்கு. 'இவ்வழி திறந்தவர் சங்கிலிக் கங்காணி.' இங்கருந்து படிக்கத் தெரியாது. நான் நட்டதுதான். உழவுக்கு வச்சிருந்த காளைய வித்து நட்டேன். கல்தச்சன் கேட்டான், என்னண்ணே, பேரு வெட்டுற கல்லு எதுக்கு இம்புட்டு நீளம்னு. எங்க பூட்டன் போட்ட கல்லு எம்புட்டு நீளமோ அதுல ஒரு விரக்கடை கொறையக் கூடாதுன்னுட்டேன். குரவளைக்கு மேல கயித்தப் பிடிச்சு அளந்து, அந்த அளவுக்கு வாங்கினேன். பாதிக் கல்லு பாறைக் குழிக்குள்ள நிக்கிது. கோடையில ஆளுகள வச்சு எறக்கி ஏத்திக் கொண்டுபோய் நட்டேன். அங்கிட்டு எதுக்குன்னா, அவரு கால் மொதல்ல அங்கதான பட்டுச்சு.

அவரு போட்டது என்ன கல்லுன்னு கேளுங்க. அதுதான் கதை.

தாது வருசப் பஞ்சம்னு கேள்விப்பட்டிருப்பீக. கீழ்நாட்டுல சனம் கத்தாழைக் குருத்தத் தின்னுச்சு. அதுவும் தீந்துச்சு. அப்ப மேல ஏலக்காட்டுல வெள்ளைக்காரன் காடு திருத்துறான், வேலைக்குப் போனா கஞ்சி ஊத்துறான்னு ஒரு சேதி. எங்க பூட்டன் ஒரு கூட்டத்தச் சேத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு. பாதைன்னு ஒண்ணு கெடையாது. யானைத் தடத்துலதான் ஏறுனாக. யானைக்குத்தான் தெரியும் எங்கன ஏத்தம் சுளுவுன்னு. ஏறி, இங்கன வந்து நின்னா, ஓடை ரெண்டு கரையும் முட்டிக்கிட்டுப் போகுது. பஞ்சத்துல ஏது வெள்ளம்னு கேப்பீக. அதான் கூத்து. நாடெல்லாம் காயுது, மலையில மட்டும் கொட்டுது. வடியட்டும்னு உக்காந்தாக. வடியல. உக்காந்த எடத்துலயே கெழடுகட்டையெல்லாம் சாஞ்சிருச்சு. மலைக்கு அங்கிட்டுக் கஞ்சி கொதிக்கிது, இங்கிட்டுப் பிள்ளைக கண்ணு சொருகிக் கெடக்குது.

இந்தா, நீங்க காலத் தொங்கப் போட்டிருக்கீகளே, அந்தக் குழியில அப்ப ஜமீன் எல்லைக்கல்லு நின்னுச்சு. ஜமீன் பேரும் முத்திரையும் வெட்டின கல்லு. அதத் தொட்டுக் கும்பிட்டுத்தான் தாண்டணும். செருப்புக் காலோட அதுக்குப் பக்கத்துலயே போகக் கூடாது. எங்க பூட்டன் அந்தக் கல்லச் சுத்திச் சுத்தி வந்தாராம். பெறகு, 'புடுங்குங்கடா இத'ன்னாராம். எல்லாரும் நடுங்கிப்போனாக. ராசா பேரு போட்டிருக்கே, மிதிச்சா பாவமில்லையான்னு ஒருத்தன் கேட்டிருக்கான். அதுக்கு அவரு சொன்னாரு பாருங்க, 'பேரு காத்துக்கிட்டிருக்கும்டா, பிள்ள காத்துக்கிட்டிருக்காது'ன்னாரு.

அத எழுதிக்கங்க. எழுதப் படிக்கத் தெரியாத மனுசன் தம்பி. எனக்குச் சொல்லையிலயே புல்லரிக்கிது பாருங்க, கையப் பாருங்க.

கல்லப் பேத்து, குரவளைக்குக் குறுக்கப் போட்டு, அம்புட்டுச் சனத்தையும் அது மேல நடத்திக் கொண்டுபோயிட்டாரு. அந்தக் கல்லு மேலதான் பெறகு வெள்ளைக்காரனும் வந்தான், ஏலக்கா மூட்டையோட கழுதையும் வந்துச்சு. ஆனா இவருக்கு என்ன கெடச்சது? மறுவருசம் எறங்கி வந்தவரப் பிடிச்சுக் கொண்டுபோய் அரமனை வாசல்ல புளிய விளாறால வெளுத்துட்டாங்கெ. எம் பேர மிதிச்ச காலு இனி என் ஊர மிதிக்கக் கூடாதுன்னுட்டான் அந்த ஜமீன். மனுசனா அவன்? பிள்ளை மாதிரி இருந்த குடிய ஒரு கல்லுக்காக வெரட்டிவிட்டானே, அவனுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருந்திருக்குமா? இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு வயிறு எரியிது.

டீத்தண்ணி குடிக்கிறீகளா? தூக்குல இருக்கு. ஆறித்தான் போயிருக்கும். நானே போட்டதுதான், சீனி கூடக் கொறைய இருக்கும். வீட்டுல ஆளு இல்ல. அதையும் சொல்றேன்.

அந்த ஜமீன் கல்ல ஒரு பெருவெள்ளம் கொண்டுபோயிருச்சு, எங்க தாத்தா காலத்துல. பெறகு மரந்தான். ஒரு மரம் போனா இன்னொரு மரத்த வெட்டிப் போடுவாக. பஸ்சு ரோடு வேற மெட்டுக் கணவாய் வழியாப் போனதும் இந்தப் பாதையில ஏறுறதுக்கு ஆள் இல்ல. மரம் வெட்டக்கூடாதுன்னு காட்டிலாகாவும் சொல்லிருச்சு. ஒதுங்கி நின்னுபோனது குரவளைக்கு அங்கிட்டு மேல இருக்குற ஊத்துக்காடு மட்டுந்தான். இருபது வீடு இருக்கும். எல்லாம் எங்க பூட்டன் கூட்டிப்போன சனத்தோட வம்சம். அதுக்காகத்தான் என் மகள அங்க குடுத்தேன். போதுமணி. மூத்தது ரெண்டும் பிள்ளையிலயே போயிருச்சு, இது ஒண்ணுதான் தங்குச்சு. எத்தனையோ எடம் வந்துச்சு, கீழ போடியில ஜவுளிக்கடைக்காரன்கூடக் கேட்டான். நான் ஊத்துக்காட்டுக்குத்தான்னு நின்னேன். அங்க குடுத்தா எங்க பூட்டன் பேரச் சொல்லுவாகன்னு பாத்தேன். ஒரு பயலுக்கும் தெரியல தம்பி. சங்கிலியா, யாரு அதுன்னு சம்பந்தக்காரனே கேக்குறான். அதுல வந்த வெறியிலதான் கல்லு நட்டேன்.

பேத்தி பொறந்தா. சங்கிலியம்மான்னு வைங்கன்னேன். போதுமணி சிரிச்சுட்டா. யாழினின்னு வச்சிருக்காக. சரி, போகட்டும்.

பெறகு பாலம் வந்துச்சு. அதாவது, வரேன்னுச்சு. ஊத்துக்காட்டுச் சனம் நடையா நடந்து கேட்டு, ஒரு இஞ்சினியரு வந்தாரு. சின்ன வயசு. நல்லாத்தான் பேசுனாரு. குரவளைக்கு மேல இரும்புப் பாலம் போட்டுத் தாரேன், ஆளு நடக்குறதுக்குன்னு. ஆனா அங்கிட்டுப் பாறையில கால் ஊன ஒரே எடந்தான் ஒறுதியா இருக்காம், அது நம்ம கல்லு நிக்கிற எடமாம். கல்ல ஓரமா எடுத்து வச்சுக்கிருவோம் பெரியவரேங்கிறாரு. ஓரமாவாம்! எங்க பூட்டன ஓரமா வைக்கிறதுக்கா நான் காளைய வித்தேன்? பாலத்துக்கு அவரு பேரு வைப்பியான்னு கேட்டேன். அதெல்லாம் என் கையில இல்லைன்னாரு. அப்ப என் கல்லும் உன் கையில இல்லைன்னுட்டேன்.

வேலைக்கு ஆளு வந்தப்ப அந்தப் பாறையில போயிப் படுத்துக்கிட்டேன். கல்லக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படுத்தேன். போலீசு வந்துச்சு, போயிருச்சு. மருமகன் தெய்வேந்திரன் வந்து, மாமா, பிள்ளையும் குட்டியுமா இருக்கோம், விட்டுக்குடுங்கன்னான். போதுமணி வந்து பக்கத்துல உக்காந்திருந்துட்டுப் போனா. கடைசியில அந்த இஞ்சினியரு, இங்க தகராறுன்னு சொல்லிப் பாலத்த வேற ஓடைக்கு மாத்திக் கொண்டுபோயிட்டாரு. எம்புட்டு லேசாக் கொண்டுபோயிட்டாரு பாத்தீகளா? நெசமாவே குடுக்கணும்னு நெனச்சிருந்தா ஒரு பேரு வைக்க முடியாதா? அவுகளுக்கு மனசு இல்ல தம்பி, அம்புட்டுத்தான்.

அடுத்த வருசம் கார்த்திகை. அடை மழை. நானும் வீட்டுக்காரி ஒச்சம்மாவும் ஆட்டப் பத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்தோம். மத்தியானம் இருக்கும். அங்கிட்டுப் பாறையில ஒரே ஆளுக. கடப்பாரையும் கையுமா நிக்கிறாங்கெ. பாத்தா என் கல்லப் பேக்குறாங்கெ! எவன்டா அதுன்னு கத்துறேன், இந்தத் தண்ணிச் சத்தத்துல என்ன கேக்கும்? நீங்க பக்கத்துல இருக்கீக, உங்ககிட்டயே நான் கத்தித்தான பேசுறேன். தெய்வேந்திரன்தான் முன்ன நின்னு பேக்குறான். என் மருமகன்! கல்லு ஆடுச்சு, சாஞ்சுச்சு, தொம்முனு குரவளைக்குக் குறுக்க விழுந்துச்சு. அளவு எடுத்தாப்புல அந்த முனை அங்கிட்டு, இந்த முனை இங்கிட்டு. எழுத்து மேல பாக்க.

ஒச்சம்மாதான் மொதல்ல கண்டா. ஏங்க, நம்ம பிள்ளைங்கன்னா. போதுமணி நிக்கிறா, பேத்திய நெஞ்சோட வச்சுச் சேலையாலச் சுத்திக் கட்டியிருக்கா. பிள்ளைக்கு ரெண்டு நாளாக் காச்சலாம். தண்ணி வடியட்டும், கொண்டுபோவோம்னு உக்காந்திருந்திருக்காக. அன்னைக்குக் காலையில ஜன்னி கண்டு இழுக்க ஆரம்பிச்சிருச்சாம். இதெல்லாம் எனக்குப் பெறகு தெரிஞ்சது. அப்ப எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். என் மக கால் வைக்கிறா. எங்க பூட்டன் பேரு மேல, செருப்புக் காலோட கால் வைக்கிறா.

நான் கத்துனேன். 'செருப்பக் கழட்டுடீ!'ன்னு கத்துனேன்.

அது மட்டும் அவளுக்குக் கேட்டிருச்சு. எப்படிக் கேட்டுச்சுன்னு தெரியல. பாதிக் கல்லுல நின்னுட்டா. சின்னப் பிள்ளையிலருந்து நான் சொன்னா நிப்பா தம்பி, அப்படி வளத்தது. நின்னு, பிள்ளைய ஒரு கையாலப் பிடிச்சுக்கிட்டு, ஒரு செருப்ப உதறுனா. தண்ணி கொண்டுபோயிருச்சு. இன்னொண்ணு வார் போட்டது, கழலல. குனியிறா. பிள்ளை வெட்டி வெட்டி இழுக்குது. அவ ஆடிட்டா. நான் கண்ண மூடிட்டேன். ஒச்சம்மா எப்பப் போனான்னு தெரியல, கல்லு மேல தவழ்ந்துபோயி அவ முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டா.

கரையேறி, போதுமணி என்னயப் பாத்தா. என்னமோ சொன்னா. வாய் அசஞ்சது தெரிஞ்சது, தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்கல. என்னான்னு திருப்பிக் கேக்குறதுக்குள்ள ஆத்தாளும் மகளும் ஓட ஆரம்பிச்சுட்டாக. ஒரு காலுல செருப்பு இருந்துச்சு, ஒரு காலுல இல்ல. அப்படியே கீழ ரோடு வரைக்கும் ஓடியிருக்கா.

பிள்ளை பொழச்சிருச்சு. மாரியாத்தா புண்ணியம். வலது கை மட்டும் சொணங்கிப்போச்சு. வெரல மடக்குது, ஆனா ஒண்ணையும் பிடிக்கத் தெரியல. நேரத்தோட வந்திருந்தா இது ஆகியிருக்காதுன்னு டாக்டரு சொன்னாராம். அத ஒச்சம்மா எங்கிட்ட வந்து சொல்றா, என்னமோ நான் செஞ்ச மாதிரி. நான் அவள நிறுத்துனது ஒரு நிமிசம் இருக்குமா? ஒரு நிமிசத்துலயா கை போகும்? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. ரெண்டு நாளு அங்கிட்டு உக்காந்திருந்தது யாரு? நானா உக்காரச் சொன்னேன்?

என்ன, எழுதுறத நிறுத்திட்டீக? சரி, விடுங்க.

தை மாசம் தண்ணி வத்துனதும் ஆளுகளக் கூட்டிப்போயி கல்லத் தூக்கி நிறுத்துனேன். பால் ஊத்திக் கழுவுனேன். கெடா வெட்டுனேன். ஊத்துக்காட்டுக்காரன் ஒருத்தன்கூட வரல. இருந்தபடியே கெடக்கட்டும்ணே, நடந்துக்கிருவோம்னு ரெண்டு பேரு வந்து கெஞ்சுனாங்கெ. எங்க பூட்டன் என்ன, நீங்க மிதிக்கிறதுக்கா பொறந்தாருன்னு வெரட்டிவிட்டேன். போதுமணிக்கும் சொல்லிவிட்டேன். அந்தப் பேர மிதிச்ச காலு என் வாசல மிதிக்கக் கூடாதுன்னு. கோவத்துல சொல்றதுதான். பெத்த அப்பன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வந்து கால்ல விழுந்தா தூக்கிவிட மாட்டேனா? அவ வரல. ஆசுபத்திரியிலருந்து ஊத்துக்காட்டுக்கும் போகல. அப்படியே திருப்பூருக்குப் போயிட்டாக. பிள்ளைக்குக் கைக்கு மின்சாரம் வைக்கணும், பக்கத்துல யாராச்சும் வேணும்னு ஒச்சம்மாவும் போனா. ஒரு மாசத்துல வந்துர்றேன்னுதான் போனா. அரிசிப் பானையில அரிசி அளந்து வச்சுட்டுத்தான் போனா.

ஊத்துக்காடும் அப்படியே காலியாயிருச்சு. மழைக்கு மழை செறையிருந்தா எவன் இருப்பான்? ஒவ்வொரு வீடா எறங்கிட்டாங்கெ. கடைசியா ஒரு கெழவனும் கெழவியும் இருந்தாக. அவுகளும் போன கோடையில மகன்கிட்டப் போயிட்டாக. இப்ப அங்க வெளக்கு எரியிறதில்ல. பன்னிதான் மேயுது.

ஒச்சம்மா எப்பவாச்சும் போன் போடுவா. சாப்பிட்டீகளாம்பா, மாத்திரை போட்டீகளாம்பா, வச்சிருவா. எப்ப வாரேன்னு நானும் கேக்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டா. ஆடி மாசம் போட்டப்ப, பேத்தி பிடுங்கிப் பேசுனா. நல்லாப் பேசுறா தம்பி, திருப்பூருப் பேச்சு. தாத்தா, உன்ன ஒண்ணு கேக்கணும்ங்கிறா. கேளு தாயின்னேன். மொதத்தடவையா எங்கிட்டப் பேசுது.

'நான் பாப்பாவா இருந்தப்ப எனக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சாம். ஆத்துல தண்ணி வந்துச்சாம். அப்ப ஒரு தாத்தா தண்ணிக்கு மேல நீளமாப் படுத்துக்கிட்டு, என் மேல நடந்து போங்கன்னு சொன்னாராம். அம்மாதான் தெனமும் இந்தக் கதையச் சொல்லி என்னயத் தூங்க வைப்பாங்க. அந்தத் தாத்தா நீதான?'ங்கிறா.

உள்ளதத்தான சொல்லணும். இல்ல தாயி, நான் இல்லன்னேன்.

அப்ப யாருன்னா. ஊருக்கெல்லாம் சொன்ன பேரு, உங்ககிட்ட உக்காந்த ஒடனே சொன்ன பேரு, கேட்ட பிள்ளைக்குச் சொல்ல வாய் வரல. பெறகு ஒச்சம்மா வாங்கி வச்சுட்டா. அதுலருந்து எனக்கு ஒரே ஆத்தாமை. தெனமும் கதை சொல்றாளே அவ, ஒரு தாத்தா, ஒரு தாத்தான்னு மொட்டையாச் சொல்றா பாருங்க. பேரச் சொன்னா வாய் வெந்துபோயிருமா? அப்பன் மேல கோவம் இருந்தா இருக்கட்டும். பூட்டன் என்ன செஞ்சாரு அவளுக்கு?

என்ன, கெளம்பிட்டீகளா? இருங்க, மேல இருட்டிக்கிட்டு வருது, நனஞ்சிருவீக. கல்லப் போட்டோ எடுக்கணுமா? இங்கருந்தே எடுத்துக்கங்க. எழுத்து தெரியாதுதான். பக்கத்துல போயித்தான் படிக்கணும். ஆனா போகத்தான் வழி இல்லையே தம்பி. தை பொறந்தா வாங்க, நான் இங்கனதான் இருப்பேன்.